கையில் சில எழுத்துகள்: ஆங்கிலச் சொல்லை எதை வைத்துத் தேடுவது?

சி, டீ, ஏ. இந்த மூன்று எழுத்துகளும் இருக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் ஒருவர் 'கேட்' என்பார், பூனை. இன்னொருவர் 'கேட்டில்' என்பார், மாடு கன்றுகள். மூன்றாமவர் கொஞ்சம் யோசித்து, இசையில் வரும் 'ஆக்டேவ்' என்பார். மூன்றும் சரியான விடைதான், ஆனால் வேறு வேறு கேள்விகளுக்கு. முதலாமவர் அந்த மூன்று எழுத்துகளை மட்டும் பயன்படுத்தினார். இரண்டாமவர் வேறு எழுத்துகளையும் கூடச் சேர்த்துக்கொண்டார். மூன்றாமவர் சி, டீ, ஏ மூன்றும் அதே வரிசையில் ஒட்டி நிற்கும் சொல்லைப் பிடித்தார்.

சொல் தேட எந்தக் கருவி நல்லது என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான். உங்களுக்கு வேண்டியது பூனையா, மாடா, ஆக்டேவா? இது தெளிவானால் கருவி பாதி தானாகவே அமைந்துவிடும். தெளிவாகாவிட்டால் எவ்வளவு நல்ல கருவியும் தவறான பட்டியலைத்தான் நீட்டும். நான் தினமும் ஏதாவது ஒரு காரணத்துக்காக இப்படிச் சொல் தேடுபவன். காலையில் வேர்டில் (மறைந்திருக்கும் ஐந்து எழுத்துச் சொல்லை ஊகிக்கும் விளையாட்டு), இரவில் ஸ்கிராபிள் (எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைப்பது), நடுவில் மகளுக்குப் பயிற்சித் தாள். மூன்றுக்கும் ஒரே கருவி போதும் என்று பல நாள் நம்பியிருந்தேன். போதாது.

(எழுத்துகளைத் தமிழில் எழுதுவதால் ஒரு குறிப்பு: 'டீ' என்று நான் எழுதுவது ஆங்கில வரிசையின் 20-வது எழுத்து, 'பி' என்பது 16-வது. இவற்றோடு குழம்பக்கூடிய 4-வது, 2-வது எழுத்துகளை உதாரணங்களில் தவிர்த்திருக்கிறேன்.)

பூனை, மாடு, ஆக்டேவ் போக இன்னும் இரண்டு வகைக் கேள்விகள் உண்டு. ஒன்று, எழுத்து நிற்கும் இடம் தெரிந்த கேள்வி: ஐந்து எழுத்து, இரண்டாவது ஐ, கடைசி டீ என்பது போல. குறுக்கெழுத்தும் வேர்டிலும் இந்த வகை. இன்னொன்று, கொடுத்த எழுத்துகள் மட்டும்தான், ஆனால் ஒரே எழுத்து எத்தனை முறையும் வரலாம் என்பது. நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ விளையாட்டு அப்படிப்பட்டது: ஏழு எழுத்து, நடுவில் இருப்பது கட்டாயம், குறைந்தது நான்கு எழுத்து நீளம், எதையும் திரும்பப் பயன்படுத்தலாம். ஸ்கிராபிளில் அது நடக்காது. கையில் ஒரு டீ காய் இருந்தால் ஒரு டீதான். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனிக்காமல் தப்பான கருவியில் தேடி அலைந்தவர்கள் நிறையப் பேர், நானும்தான்.

மூளையிலிருந்தே தொடங்குகிறேன்

மூளையைக் கருவிகளின் பட்டியலில் சேர்ப்பது சிலருக்கு விநோதமாகத் தெரியலாம். ஆனால் பிரிட்டனின் சேனல் 4-ல் 1982 முதல் ஓடும் கவுன்ட்டவுன் நிகழ்ச்சியில் ஒன்பது எழுத்துகளைக் கொடுத்து 30 விநாடிதான் தருகிறார்கள். அங்கே பேனாவும் தாளும் தவிர வேறு எதுவும் கையில் இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்து 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024-ல் ஸ்பானிஷிலும் அதையே செய்தார்.

அந்த அளவுக்கு வேண்டாம். நமக்குப் பயன்படும் இரண்டு உத்திகள் உண்டு. ஒன்று, எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுவது. வரிசையாக எழுதினால் கண் அதை ஒரு சொல்லாகப் படித்துவிடும், கலைக்க விடாது. வட்டத்துக்கு முதலும் முடிவும் இல்லாததால் புதுச் சேர்க்கைகள் கண்ணில் படும். இன்னொன்று, வால்களைத் தனியே எடுத்து வைப்பது. ஐ, என், ஜி மூன்றும் இருந்தால் 'இங்' என்று முடித்துப் பாருங்கள். ஈ, ஆர் இருந்தால் 'எர்'. மிச்சம் இருக்கும் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் புரட்டினால் போதும்.

ஸ்கிராபிள் ஆடுபவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். 'ரெட்டினா' என்ற ஆறு எழுத்துச் சொல்லை நினைவில் வைத்து, அதோடு ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து என்னென்ன கிடைக்கும் என்று படித்து வைப்பார்கள். எஸ் ஒன்று சேர்ந்தாலே 'ரிட்டெய்ன்ஸ்', 'நாஸ்டியர்', 'ஸ்டெய்னர்', 'ரெட்சினா' என்று ஏழு எழுத்துச் சொற்கள் கொட்டுகின்றன. ஏழு காயையும் ஒரே ஆட்டத்தில் வைத்தால் 50 புள்ளி கூடுதல் என்பதால் இந்தப் படிப்பு வீண் போகாது.

மூளை தோற்கும் இடமும் இருக்கிறது. அது ஒரு நல்ல விடையைக் கொடுக்கும். எல்லா விடைகளையும் கொடுக்காது. 'இந்த எழுத்துகள் உள்ள வேறு சொல்லே கிடையாது' என்று உறுதியாகச் சொல்லவேண்டிய வேலை என்றால் மூளையை நம்பக் கூடாது.

அச்சு அகராதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது முதல் எழுத்தின்படி அடுக்கப்பட்டது. மற்ற எந்த எழுத்தை வைத்துத் தேடினாலும் கைவிரித்துவிடும். மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரர்களே இதனால் தவித்திருக்கிறார்கள். சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பித் தட்டச்சு செய்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை அடுக்கி வைத்தார்கள், ஒரே மாதிரி முடியும் சொற்களைக் கண்டுபிடிக்க. இன்று அதே வேலை கண் இமைப்பதற்குள் முடிகிறது.

இணையத் தேடல் தளங்கள்

பெரும்பாலானோர் போய் நிற்கும் இடம் இது. எழுத்துகளைத் தட்டினால் பட்டியல் வந்துவிடுகிறது, எதையும் நிறுவ வேண்டியதில்லை. வருடத்துக்கு நான்கு முறை தேவைப்படுபவர் இதைத் தாண்டி எங்கும் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் ஒரு தளத்தை நம்புவதற்கு முன் அரை நிமிடம் சோதித்துவிடுங்கள். பல தளங்களில் 'உள்ளடக்கிய' என்று ஒரு பெட்டி இருக்கும். எந்த அர்த்தத்தில் உள்ளடக்கியது என்று எழுதியிருக்காது. ஒரு முறை மாடு கேட்டு ஆக்டேவ் வாங்கினேன். பட்டியலில் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் இருந்தன. அவ்வளவுதான் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று நம்பி ஒரு புதிரையே அதன்மேல் கட்டி, நண்பரிடம் கொடுத்தேன். அவர் ஐந்தே நிமிடத்தில் என் பட்டியலில் இல்லாத விடை ஒன்றோடு திரும்பினார்.

அன்றிலிருந்து புதுத் தளம் எதுவானாலும் முதலில் சி, டீ, ஏ என்றுதான் தட்டுகிறேன். பட்டியலில் 'ஆக்டேவ்', 'நெக்டர்' வந்து 'கேட்டில்' வராவிட்டால், அது ஒட்டி நிற்கும் எழுத்துகளைத் தேடுகிறது. 'கேட்டில்' வந்தால், எந்த வரிசையிலும் கலந்து தேடுகிறது. 'கேட்', 'ஆக்ட்' மட்டும் வந்தால் கொடுத்த காய்களை வைத்து மட்டும் சொல் அமைக்கிறது. அவற்றோடு 'டாக்ட்' என்ற சொல்லும் வந்துவிட்டால் (அதில் டீ இரண்டு முறை வருகிறது), எழுத்தைத் திரும்பப் பயன்படுத்த விடுகிறது என்று அர்த்தம். நான்கு வகையையும் ஒரே கேள்வி பிரித்துக் காட்டிவிடும்.

அப்புறம் யூ, யூ என்று இரண்டு முறை தட்டிப் பாருங்கள். 'வாக்யூம்', 'கன்டினியூம்' போல யூ இரண்டு முறை வரும் சொற்கள் மட்டும் வந்தால், தளம் எண்ணிக்கையை மதிக்கிறது. ஒரே ஒரு யூ இருக்கும் 'சன்', 'ரன்' எல்லாம் வந்தால், இரட்டிப்பை அது கண்டுகொள்ளவில்லை. இரட்டை எழுத்து முக்கியமான புதிருக்கு அந்தத் தளம் ஆகாது.

இவ்வகையில் நான் அதிகம் சிபாரிசு செய்வது ஒன்லுக். பல அகராதிகளை ஒரே இடத்தில் தேடும் பழைய சேவை அது. அதன் குறியீடுகளைப் படிக்க ஒரு மாலை போதும், அப்புறம் காலத்துக்கும் உதவும். கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு, நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும். கமா போட்டு நிபந்தனைகளை அடுக்கலாம்: நட்சத்திரம்-சி-நட்சத்திரம், கமா, நட்சத்திரம்-டீ-நட்சத்திரம், கமா, நட்சத்திரம்-ஏ-நட்சத்திரம் என்று எழுதினால் மாடு கிடைக்கும். யூ இரண்டு முறை வேண்டுமா? நட்சத்திரம்-யூ-நட்சத்திரம்-யூ-நட்சத்திரம். இரண்டு சாய்கோடு போட்டு எழுத்துகளைக் கொடுத்தால் கலைத்து அடுக்கித் தரும். கடைசியில் கூட்டல் குறி போட்டுக் கொடுத்த எழுத்துகளுக்குள் மட்டும் தேடும். கழித்தல் குறி போட்டுக் கொடுத்ததை விலக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அரைப்புள்ளி அல்ல, முக்காற்புள்ளி: எழுத்து வடிவத்துக்குப் பின் அதைப் போட்டு ஒரு பொருளைச் சொன்னால், அந்த வடிவமும் அந்தப் பொருளும் கூடி வரும் சொற்களைத் தருகிறது. குறுக்கெழுத்துக்காரருக்கு இது வரப்பிரசாதம்.

ஒன்லுக்கின் பலமே அதன் பலவீனமும். பல அகராதிகளை அள்ளுவதால் பெயர்ச்சொற்கள், ஊர்ப் பெயர்கள், சொற்றொடர்கள் எல்லாம் சேர்ந்து வரும். ஸ்கிராபிளில் செல்லுமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

ஸ்கிராபிள் ஆடுபவர்களுக்கு ஜிஸ்ஸிவா என்ற மென்பொருள் இருக்கிறது. ஆங்கில அகராதிகளின் கடைசி மூலையில் கிடக்கும் ஒரு வண்டின் பெயர். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கேள்விகளை அது குழப்பாமல் தனித்தனிப் பெயர் கொடுத்துப் பிரித்து வைத்திருக்கிறது: முழுக் கலைப்பு (எல்லா எழுத்துகளையும் வைத்து), பகுதிக் கலைப்பு (சிலவற்றை மட்டும் வைத்து), வடிவம், 'இந்த எழுத்துகள் அடங்கியது' என்று. நிபந்தனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். போட்டிக்குத் தயாராகிறவர் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் நடுவே எடுத்துப் பார்ப்பது மட்டும் கூடாது. ஆட்டம் முடிந்த பிறகு, 'அந்த ஏழு காயில் என்ன விட்டேன்' என்று பார்ப்பதுதான் அதன் இடம்.

கருவியைவிடப் பட்டியல் பெரிது

நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டது இது. எந்தக் கருவியும் தனக்குள் இருக்கும் சொற்பட்டியலில்தான் தேடுகிறது. பட்டியலில் இல்லாத சொல் அதற்கு உலகத்திலேயே இல்லை. ஆகவே இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது முகப்பின் அழகைப் பார்ப்பதைவிட உள்ளே எந்தப் பட்டியல் என்று பார்ப்பது மேல்.

ஸ்கிராபிளுக்கே இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. உலகின் பெரும்பகுதியில் ஆடப்படும் காலின்ஸ் பட்டியலின் 2019 பதிப்பில் 2,79,496 சொற்கள். வட அமெரிக்கப் பட்டியலின் 2018 பதிப்பில் ஏறத்தாழ 1,92,000. ஒன்றில் செல்லும் ஆயிரக்கணக்கான சொற்கள் மற்றதில் செல்லாது. எனேபிள் என்ற பட்டியலில் 1,72,000-க்கு மேல் சொற்கள். யாரும் உரிமை கேட்காமல் பயன்படுத்தலாம் என்பதால் பல விளையாட்டுகளுக்குள் அதுதான் இருக்கிறது.

ஆப்பிள் கணினிகளில் ஏற்கெனவே ஒரு பட்டியல் உட்கார்ந்திருக்கிறது, 2,35,000-க்கு மேல். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அது 1934-ல் வந்த வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது. வழக்கொழிந்த சொற்கள் குவிந்திருக்கும். பூனை இருக்கும், 'பூனைகள்' இருக்காது, ஏனென்றால் பன்மை வடிவங்கள் தலைச்சொல்லாக அகராதியில் வருவதில்லை. எஸ் என்ற எழுத்தை வைத்துத் தேடுகிறவருக்கு இது பெரிய ஓட்டை. டெபியன், உபுன்டு என்ற லினக்ஸ் வகைக் கணினிகளில் நிறுவிக்கொள்ளும் அமெரிக்க ஆங்கிலப் பட்டியலிலோ நேர் எதிரான தொல்லை: மேற்குறியும் எஸ்ஸும் ஒட்டிய உடைமை வடிவங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். முதலில் அவற்றைக் கழித்துவிட்டுத்தான் தேட வேண்டும். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா, அமெரிக்கனா என்பதும் உண்டு. 'கலர்' என்ற சொல்லில் யூ இருக்கிறதா என்பதற்கு விடை பட்டியலைப் பொறுத்தது.

உபுன்டு பட்டியலுக்கு மூலமான ஸ்கவுல் தொகுப்பை நான் விரும்புவதற்குக் காரணம், அது சொற்களை அரிதான அளவின்படி அடுக்கியிருக்கிறது. 10-ல் தொடங்கி 95 வரை. 35 என்றால் சாதாரணமாகப் புழங்கும் சொற்கள். எழுத்துப் பிழை திருத்திகளுக்கு 60. 95-க்கு அவர்களே வைத்த பெயர் 'இன்சேன்', அதாவது பைத்தியக்காரத்தனம். குழந்தைக்குப் பயிற்சி எழுதுபவர் 35-ஐ எடுத்தால் போதும். புதிருக்கு வேறு விடை இல்லை என்று உறுதி செய்ய வேண்டியவர் 80 வரை போகலாம்.

சொந்தப் பட்டியலும் ஒரு கட்டளையும்

ஒரு சொல் ஒரு வரி என்று பட்டியலை ஒரு சாதாரணக் கோப்பாகக் கணினியில் வைத்துக்கொண்டுவிட்டால், மீதி எல்லாம் எளிது. இணையம் தேவையில்லை, விளம்பரம் இல்லை, பட்டியலில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் சொல் தேடுகிறவர் எல்லோரும் இதற்கு மாறிவிட வேண்டும் என்பேன்.

கிரெப் என்ற கட்டளை 1970-களில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காகக் கென் தாம்ப்சன் எழுதியது. கோப்பில் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும். சி உள்ள வரிகளை எடு, அதிலிருந்து டீ உள்ளதை எடு, அதிலிருந்து ஏ உள்ளதை எடு என்று மூன்று கிரெப்பைக் குழாய் போல ஒன்றோடு ஒன்று பொருத்தினால் மாடு வந்துவிடும். சல்லடையில் சலிப்பது போலத்தான். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. வேண்டாத எழுத்தை விலக்க அதே கட்டளையில் ஒரு சின்ன மாற்றம்.

சதுர அடைப்புக்குள் ஏழு எழுத்துகளைப் போட்டு 'தொடக்கம் முதல் முடிவு வரை இவை மட்டும்' என்று கேட்டு, நடு எழுத்து இல்லாததையும் நான்கு எழுத்துக்குக் குறைந்ததையும் கழித்துவிட்டால் ஸ்பெல்லிங் பீ தீர்ந்துவிடும், ஏனென்றால் சதுர அடைப்பு எழுத்து திரும்ப வருவதைத் தடுப்பதில்லை. அதே காரணத்தால் ஸ்கிராபிளுக்கு அது உதவாது. கையில் ஒரே ஒரு எஸ் வைத்திருப்பவருக்கு நான்கு எஸ் உள்ள சொல்லைக் காட்டும்.

ஸ்கிராபிள் கேள்விக்குப் பைத்தான் போன்ற நிரல் மொழியில் நான்கைந்து வரி எழுதுவது நல்லது. இதில் ஓர் அழகான உத்தி இருக்கிறது. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கினால் அதுவே அந்தச் சொல்லின் சாவி. 'லிசன்', 'சைலன்ட்', 'என்லிஸ்ட்', 'டின்சல்', 'இன்லெட்ஸ்' ஐந்துக்கும் சாவி ஒன்றுதான்: ஈ, ஐ, எல், என், எஸ், டீ. ஏழு வெவ்வேறு காய்களை எல்லா நீளத்திலும் எல்லா வரிசையிலும் அடுக்கினால் 13,699 அடுக்குகள் வரும். சாவி முறையில் 127 கூட்டங்களைப் பார்த்தால் முடிந்தது.

இன்னொரு முறையைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது, அதனால் சொல்லாமல் விட மனமில்லை. ஆங்கில வரிசையின் முதல் எழுத்துக்கு 2, அடுத்ததற்கு 3, அதற்கடுத்ததற்கு 5 என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பகா எண் கொடுங்கள். சொல்லின் எழுத்துகளுக்குரிய எண்களைப் பெருக்குங்கள். சி 5, ஏ 2, டீ 71. பூனையின் பெருக்கல் 710. மாட்டின் பெருக்கல் 2,05,16,870. இதை 710 மீதியின்றி வகுக்கிறது, ஆகவே மாட்டுக்குள் பூனையின் எழுத்துகள் இருக்கின்றன! வரிசை பொருட்டல்ல, இரட்டை எழுத்துகளும் தாமாகவே கணக்கில் வந்துவிடும். திருப்பிப் போட்டால் ஸ்கிராபிள்: சொல்லின் எண் உங்கள் காய்களின் எண்ணை வகுத்தால் அந்தச் சொல்லை உங்களால் அமைக்க முடியும். பள்ளியில் படித்த வகுத்தல் இப்படி ஒரு வேலைக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை.

கட்டளைத் திரை என்றாலே ஒதுங்குபவர்களுக்கு எக்செல் இருக்கிறது. ஒரு தாளில் 10,48,576 வரிகள் இருப்பதால் எந்தப் பட்டியலும் அடங்கும். ஃபில்டரில் 'உள்ளடக்கியது' என்று இரண்டு நிபந்தனை வரை சுலபமாகப் போடலாம். அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பத்தி வைத்து, சர்ச் சூத்திரத்தால் இருக்கிறதா இல்லையா என்று குறித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் மெதுவாக இருக்கும், வேலை நடக்கும். சொல்லின் நீளம், எந்தப் பாடத்தில் வருகிறது போன்ற கூடுதல் பத்திகள் வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஆசிரியர்களுக்கு இதுவே வசதி.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால்?

இப்போது பலர் முதலில் இங்கேதான் போகிறார்கள். எழுத்துத் தேடலுக்கு நான் இதை வைக்கும் இடம் கடைசி. இந்த மாடல்கள் சொல்லை எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளாகப் பார்க்கின்றன. 'ஸ்ட்ராபெர்ரி' என்ற சொல்லில் எத்தனை ஆர் என்ற கேள்விக்குச் சில மாடல்கள் இரண்டு என்று சொல்லி 2024-ல் ஊரெல்லாம் பேச்சானது. சரியான விடை மூன்று. குறிப்பிட்ட எழுத்துகள் உள்ள சொற்களைக் கேட்டால், அந்த எழுத்தே இல்லாத சொல்லையும் நம்பிக்கையோடு பட்டியலில் வைத்துவிடும். விட்டுப்போனது என்ன என்றும் தெரியாது. தவறான சொல்லைக்கூடச் சரிபார்த்து நீக்கிவிடலாம். விடுபட்ட சொல்லை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வழியில் மட்டும் இது மிக நன்றாக உதவுகிறது. சொற்களைக் கேட்காதீர்கள், சொற்களைத் தேடும் நிரலைக் கேளுங்கள். 'என் கோப்பில் இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்தும் சொற்களை எடுக்கப் பைத்தானில் எழுதிக் கொடு' என்றால் சில விநாடியில் கிடைக்கும். அதை உங்கள் பட்டியலில் ஓட்டுங்கள். எண்ணும் வேலை நிரலுக்குப் போய்விடுவதால் பிழை குறைந்துவிடும்.

வேர்டிலில் ஒரு பொறி

வேர்டிலைத் தனியே சொல்லக் காரணம், அங்கே பலரும் தப்பான கேள்வியைக் கருவியிடம் கேட்கிறார்கள். ஜாஷ் வார்டில் உருவாக்கி 2021-ல் வெளியிட்டது; 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. ஐந்து எழுத்து, ஆறு வாய்ப்பு; ஊகத்தில் உள்ள எழுத்து விடையிலும் இருந்தால் அதன் கட்டம் நிறம் மாறும். ஆரம்பத்தில் விடையாக வரக்கூடியவை சுமார் 2,300 சொற்கள்; ஊகமாக ஏற்கப்பட்டவை 13,000-ஐ நெருங்கின.

கடைசி நான்கு எழுத்து ஐ, ஜி, எச், டீ என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியிடம் 'இதற்குப் பொருந்தும் சொற்கள் எவை' என்று கேட்டால் ஃபைட், லைட், மைட், சைட், நைட், ரைட், டைட், எய்ட் என்று எட்டு பழகிய சொற்கள் வரும். ஒவ்வொன்றாகப் போட்டால் வாய்ப்பு தீர்ந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: முதலெழுத்தாக வரக்கூடிய எஃப், எல், எம், எஸ், என், ஆர், டீ, ஈ என்ற எட்டில் எத்தனை எழுத்துகளை ஒரே சொல்லில் சேர்க்க முடியும்? 'ஃபிலிம்ஸ்' நான்கைச் சோதித்துவிடுகிறது: எஃப், எல், எம், எஸ். இந்த நான்கில் எதுவும் நிறம் மாறாவிட்டால் அடுத்து 'என்டர்': ஈ, என், ஆர். மூன்றும் இல்லையென்றால் மிச்சம் 'டைட்' மட்டும்தான். எட்டில் எதுவானாலும் மூன்றாவது வாய்ப்பில் விழுந்துவிடும். ஹார்டு மோடில் இந்த வழி நடக்காது. தெரிந்த எழுத்துகளை ஒவ்வொரு ஊகத்திலும் வைத்தாக வேண்டும். இந்த 'அதிகபட்ச எழுத்துகள்' கேள்வியைப் பெரும்பாலான தளங்களில் கேட்கவே வழியில்லை. சொந்தப் பட்டியலும் நான்கு வரி நிரலும் உள்ளவருக்கு அது ஒரு நிமிட வேலை.

மகளின் பயிற்சித் தாள்

எழுத்துகளின் ஒலியை வைத்துப் படிக்கச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் முறையில் ஆங்கிலம் கற்பிக்கும் பல திட்டங்கள் எஸ், ஏ, டீ, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளில் தொடங்குகின்றன. இந்த ஆறிலிருந்தே ஏராளமான சின்னச் சொற்கள் கிடைத்துவிடும் என்பதுதான் காரணம். எனக்கு வேண்டியது அந்த ஆறு மட்டும், திரும்ப வரலாம், ஐந்து எழுத்துக்கு மேல் வேண்டாம். ஸ்கவுல் 35, சதுர அடைப்பு, ஒரு கிரெப். பெரிய பட்டியலில் தேடியிருந்தால் நான்கூட அறியாத சொற்கள் வந்து நின்றிருக்கும். இதில் 'பின்', 'டேப்', 'நேப்', 'சாட்டின்' என்று குழந்தை தொடக்கூடியவை வந்தன.

கூடவே 'பெயின்ட்', 'செயின்ட்', 'ஸ்டெயின்' ஆகியவையும் வந்தன. எழுத்துகள் ஆறுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் ஏ-யும் ஐ-யும் சேர்ந்து ஒரே ஒலியாகும் பாடம் இன்னும் அவளுக்கு வரவில்லை. ஆகவே ஏ, ஐ ஒட்டி நிற்கும் வரிகளை விலக்க இன்னொரு கிரெப்; ஸ்பெல்லிங் பீ கேள்வியாகத் தொடங்கிய வேலையில் ஆக்டேவ் கேள்வியும் வந்து சேர்ந்தது. அப்படிக் கழித்த பிறகு மிஞ்சியதை அச்சடித்து அவளிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். 'பாஸ்டா'வில் வந்து நின்றாள். முதல் ஏ ஒரு மாதிரியும் கடைசி ஏ வேறு மாதிரியும் ஒலிக்கிறதே என்று கேட்டு, பென்சிலால் அதன்மேல் ஒரு கோடு போட்டாள்.